கூரையிலிருந்து மண் வரை: புயல் கரையில் பேனல் வீடு

பேனல் வீட்டின் முதல் நன்மை எடைக் குறைவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். 75 மி.மீ. தடிமனுள்ள சிமென்ட் பேனல் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அதனால் அஸ்திவாரச் செலவு குறைகிறது. களிமண் நிலத்தில் சுவர் இறங்கி விரிசல் விடும் பயம் குறைகிறது. லாரி நுழையாத சந்துக்குள்ளும் பேனலை ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் புயல் அடிக்கும் கரையில் கவலைப்பட வேண்டியதும் இதே எடைக் குறைவைப் பற்றித்தான். கனமான வீட்டைப் பெரும்பாலும் அதன் எடையே பிடித்துக்கொள்ளும். லேசான வீட்டைப் பிடித்துவைக்கப் போல்ட்டும் ஸ்க்ரூவும் இரும்புப் பட்டையும் தவிர வேறொன்றும் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஓட்டு வீடு, கீற்று வீடு, ஷீட் வீடு என்று எல்லா வகையிலும் முதலில் பறிபோனது கூரைதான். அந்தக் கரையில் ஒரு குடும்பம் 20 அடிக்கு 16 அடியில், ஒரே தளத்தில், 320 சதுர அடிக்குப் பேனல் வீடு கட்டப்போகிறது என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இதிலுள்ள கணக்குகள் நீங்கள் புரிந்துகொள்வதற்காக. வரைபடத்துக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

காற்று வீட்டைத் தூக்குகிறது

காற்று சுவரைத் தள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரையை மேலே இழுக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சரிவு குறைந்த கூரையின் மேல் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது.

எவ்வளவு பலமாக? காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் சூத்திரம் எளிது. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6 ஆல் பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். அந்தத் தரத்தில் மதுரைக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. கடலோரத்தில் எங்கே கட்டினாலும் 50 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வீசும் ஒரு வீச்சு. 50 பெருக்கல் 50 பெருக்கல் 0.6 என்றால் 1,500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வீட்டுக்கு நாலாபுறமும் ஒரு அடி இறவாணம் விட்டால் கூரைப் பரப்பு சுமார் 37 சதுர மீட்டர். தூக்கும் விசை ஐந்தரை டன். ஷீட், அதைத் தாங்கும் பர்லின் என்ற கிடைச் சட்டங்கள், சாய்வுச் சட்டம் எல்லாம் சேர்த்துக் கூரையின் சொந்த எடை அரை டன் அளவுதான். மிச்சம் ஐந்து டன்னை யார் பிடிப்பது? நீளவாக்குச் சுவர்கள் இரண்டிலும் நான்கு அடிக்கு ஒரு தூண் வீதம் ஆறு ஆறாகப் பன்னிரண்டு தூண்கள் நின்றால், ஒவ்வொரு தூணும் 420 கிலோ மேல்நோக்கிய இழுப்பைத் தாங்க வேண்டும்.

இது கதவும் ஜன்னலும் மூடியிருக்கும்வரை உள்ள கணக்கு. காற்றடிக்கும் பக்கத்துக் கதவு உடைந்து திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே உறிஞ்சுவதும் உள்ளே தள்ளுவதும் சேர்ந்தால் சுமை ஒன்றரை மடங்காகலாம். அப்போது தூணுக்கு 650 கிலோ. அதனால்தான் புயல் வீட்டில் கதவையும் ஜன்னலையும் வெறும் வசதிக்கான பொருளாக நினைக்கக் கூடாது. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். நிலை, தூணோடு போல்ட் போட்டு இறுகியிருக்க வேண்டும். ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மாட்டக்கூடிய பிளைவுட் பலகைகளை அளவெடுத்து வெட்டி, எண் எழுதி, வீட்டிலேயே வைத்திருங்கள். அடிக்கும் காற்றை வெளியே விட எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அப்போது திறந்திருக்கும் அந்த ஜன்னல்தான் காற்றுக்கு வாசல். எல்லாவற்றையும் மூடுங்கள்.

மண்ணில் என்ன பிடிக்கிறது

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் போட்ட கான்கிரீட் கட்டியின் எடை 230 கிலோ. பேனல் வீட்டுக்கு இது போதும் என்று சொல்லி இந்த அளவுக்கே குழி தோண்டுவார்கள். கீழ்நோக்கிய சுமைக்கு அது போதும்தான். 420 கிலோ மேல்நோக்கி இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டு அடிக் கட்டி 540 கிலோ. தூண்களுக்கிடையே 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் பிளிந்த் பீம் ஓடினால் ஒவ்வொரு தூணுக்கும் இன்னொரு 150 கிலோ சேரும்.

இந்த எண்களைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். டெல்டாவில் புயலோடு மழையும் வரும், நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே ஏறிவிடும். நீரில் மூழ்கிய கான்கிரீட் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தது போலத்தான் நடந்துகொள்ளும். 540 கிலோ கட்டி 320 கிலோ ஆகிவிடும். எனவே கட்டியைப் பெரிதாக்குவதைவிட, அடியில் மூன்றடி அகலத்துக்கு ஒரு தட்டையான கான்கிரீட் பாதம் போட்டு, அதன் மேல் தூணின் குறுங்கழுத்தை எழுப்பி, சுற்றிலும் மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்குவது மேல். பாதத்தின் மேல் உட்காரும் மண்ணும் சேர்ந்து பிடிக்கும். மண்ணுக்கும் நீரில் எடை குறையும் என்பதால் இன்ஜினியர் நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்தாரா என்று நேராகவே கேளுங்கள்.

தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகள் கான்கிரீட் ஊற்றும்போதே, அச்சுப் பலகையில் துளையிட்டு நிறுத்தி, கம்பிக் கூட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கான்கிரீட் இறுகியபின் துளை போட்டு விரியும் போல்ட் அடிப்பது வேகமான வேலைதான். ஆனால் ஓரத்துக்கு அருகே துளையிட்டால் கான்கிரீட் பிளந்துவிடும், எத்தனை ஆழம் போனது என்பதும் வெளியே தெரியாது. ஊற்றுவதற்கு முன்பு நீங்களே டேப் வைத்து ஆழத்தை அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாத இடம் அது.

பேனல் தோல், சட்டம் எலும்பு

பேனல் கம்பெனிக்காரர் தன் பேனல் எவ்வளவு பலமானது என்பதைக் காட்டச் சுத்தியலால் அடித்துக் காட்டுவார். பலமானதாகவே இருக்கட்டும். அந்தப் பேனல் எதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, அது எதோடு, அது எதோடு என்று மண் வரைக்கும் கேட்டுக்கொண்டே போங்கள். கூரை ஷீட்டிலிருந்து ஸ்க்ரூ, ஸ்க்ரூவிலிருந்து பர்லின், பர்லினிலிருந்து கிளீட் என்ற சிறு கோணத்துண்டு, அதிலிருந்து சாய்வுச் சட்டம், தூணின் தலை, தூண், பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், பாதம், மண். இந்தச் சங்கிலியில் வெறுமனே மேலே வைத்துவிட்ட கண்ணி ஒன்று இருந்தாலும், மற்ற எல்லாவற்றுக்கும் செலவழித்த பணம் வீண்.

அடிக்கடி விட்டுப்போவது இரண்டு. ஒன்று, பர்லினும் சாய்வுச் சட்டமும் சந்திக்கும் இடம். அங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருபுறமும் கிளீட் வைத்து இரண்டு போல்ட் போடச் சொல்லுங்கள். இன்னொன்று குறுக்குப் பட்டை. பக்கவாட்டில் அடிக்கும் காற்றால் 20 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவரில் 2.8 டன் விழும். பாதி தரைக்குப் போகும், பாதி கூரை மட்டத்துக்கு ஏறி, இரு பக்கச் சுவர்களுக்கும் தலா 700 கிலோவாகப் பிரியும். கூரையில் படும் காற்று இதற்கு மேல். செங்குத்துத் தூண்கள் மட்டும் உள்ள சுவர் இதில் ஒரு பக்கமாகச் சாயும். பள்ளம்–நாக்கு வைத்து வரிசையாகச் சொருகிய பேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும். நான்கு ஓரமும் நெருக்கமாக ஸ்க்ரூ போட்டால்தான் அவை சுவரை விறைப்பாக வைக்கும். எனவே நான்கு சுவரிலும் குறைந்தது ஒரு கட்டமாவது எக்ஸ் வடிவில் இரும்புப் பட்டை வேண்டும். கூரைத் தளத்திலும் வேண்டும். பேனல் வந்து மூடிவிட்டால் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் பேனல் ஏற்றுவதற்கு முன்பு ஒருமுறை நின்று எண்ணுங்கள். பிறகு எலக்ட்ரீஷியன் பைப் போடுவதற்காக அதை அறுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சுவருக்கு 50 மி.மீ. பேனல் வேண்டாம். அது அறைகளுக்கு இடையே மறைப்பாகப் போடுவது. 75 மி.மீ. அல்லது அதற்கு மேல் எடுங்கள். சுவரின் பாதி உயரத்தில் ஒரு கிடைச் சட்டம் ஓடட்டும். காற்றின் தள்ளுதலைப் பேனல் தாங்க வேண்டிய இடைவெளி பாதியாகிவிடும். மேலும் கீழும் யு சேனலில் அமரும் பேனலை இரண்டு முகத்திலும் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். பசை மட்டும் போதாது.

எந்தப் பேனல்? இரண்டு ஃபைபர் சிமென்ட் போர்டுகளுக்கு இடையே சிமென்ட், சாம்பல், தெர்மாகோல் மணிகள் கலந்த நடுப்பகுதி உள்ளதுதான் நம் சிறிய வீட்டுக்கு ஏற்றது. இரண்டு பக்கமும் தகரமும் நடுவில் பஃப் என்ற நுரையோ தெர்மாகோலோ உள்ள கேபின் வகை, தற்காலிக அலுவலகத்துக்குச் சரி. தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும், உப்புக் காற்றில் வெட்டிய ஓரங்கள் அரிக்கும். ஜிப்சமும் கண்ணாடி இழையும் சேர்த்து வார்த்த, 124 மி.மீ. தடிமனும் 12 மீட்டர் நீளமும் உள்ள பெரிய பேனலைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டு மாடி மாதிரிக் கட்டடத்தை எழுப்பிக் காட்டினார்கள். உள்ளிருக்கும் குழிகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பினால் மிக உறுதி. ஆனால் கிரேன் வேண்டும். தனி வீடாக ஒன்றே ஒன்று கட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது, ஒரே இடத்தில் ஐம்பது வீடு கட்டும் மறுவாழ்வுத் திட்டத்துக்கு அதைப் பரிந்துரைப்பேன்.

2021 ஜனவரி 1 அன்று மத்திய அரசு அடிக்கல் நாட்டிய லைட் ஹவுஸ் திட்டங்களில் இந்தூரில் 1,024 வீடுகள் சாண்ட்விச் பேனலிலும், அகர்தலாவில் 1,000 வீடுகள் லேசான எஃகுச் சட்டத்திலும் கட்டத் திட்டமிடப்பட்டன. பேனல் என்றாலே தற்காலிகக் கொட்டகை என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் வரைபடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போர்டு வாங்கும்போது கல்நார் இல்லாதது என்று எழுத்தில் கேளுங்கள். கல்நார் இல்லாவிட்டாலும் போர்டை உலர்ந்த நிலையில் அறுக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுப்பவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கூரையும் ஸ்க்ரூவும்

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் டிரேசி புயல் தாக்கியது. காற்றுமானி உடைவதற்கு முன் மணிக்கு 217 கி.மீ. காட்டியது. நகரின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. ஆராய்ந்த பொறியாளர்கள் கண்டது, மெல்லிய கூரை ஷீட்டுகள் ஒரே இழுப்பில் கிழியவில்லை. காற்று மணிக்கணக்கில் இழுத்து இழுத்து விட்டதில் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி உலோகம் அலுத்து, வெடிப்பு விட்டு, ஸ்க்ரூ பர்லினிலேயே நிற்க ஷீட் மட்டும் கழன்று போயிருந்தது. அதன் பிறகுதான் கூரை ஷீட்டையும் ஸ்க்ரூவையும் ஆயிரக்கணக்கான முறை இழுத்துவிட்டுச் சோதிக்கும் வழக்கம் அங்கே வந்தது.

நமக்கு இதிலிருந்து கிடைப்பது நேரடியான வேலைக்குறிப்பு. ஷீட்டின் தடிமன் 0.5 மி.மீ. இருக்கட்டும். 0.35 மி.மீ. ஷீட்டும் அதே நிறத்தில், அதே பளபளப்பில் விற்கிறது. வாங்கும் இடத்திலேயே மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். ஸ்க்ரூத் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் மட்டும் இருந்தால் போதாது, ஷீட்டின் மேட்டுக்குப் பொருந்தும் அகலமான உலோக வாஷரும் வேண்டும். நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்க்ரூ போடலாம். காற்று மிகக் கடுமையாக இழுக்கும் இடங்கள் கூரையின் மூலைகள், ஓரங்கள், முகடு. அங்கே சுமார் நான்கு அடி அகலத்துக்கு ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும், பர்லின்களும் நெருங்கியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இதனால் கூடும் செலவு சில நூறு ஸ்க்ரூக்களும் இரண்டு பர்லினும்தான்.

வடிவத்தில் நான்கு பக்கமும் சரியும் கூரை சிறந்தது. இரண்டு பக்கச் சரிவில் முக்கோண முகப்பு காற்றை நேராக வாங்கும். சரிவு 22 முதல் 30 பாகை வரை இருந்தால் உறிஞ்சல் குறையும். பத்துப் பாகையில் தட்டையாகப் போட்டால் ஷீட் மிச்சமாகும், காற்றின் பிடி கூடும். இறவாணம் ஒன்றரை அடியைத் தாண்ட வேண்டாம். திண்ணைக்கோ சமையலுக்கோ சாய்ப்பு இறக்குவதாக இருந்தால், அதைப் பிரதான கூரையின் தொடர்ச்சியாக நீட்டாமல் தனிச் சட்டத்தில் தனிக் கூரையாகப் போடுங்கள். புயலில் சாய்ப்பு போனாலும் அது மட்டும் போகும், வீட்டுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகாது. தாழ்ந்த வீடுகளின் புயல் எதிர்ப்புக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனம் 2004இல் வெளியிட்ட ஐ.எஸ். 15498 இத்தகைய விஷயங்களைப் பேசுகிறது. உங்கள் இன்ஜினியரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சீலிங் ஃபேனும் குழந்தைக்குத் தூளி கட்டும் கொக்கியும் எங்கே என்பதை முன்பே முடிவு செய்து, சாய்வுச் சட்டத்திலேயே பற்றவைத்துவிடுங்கள். பேனலிலோ பர்லினிலோ பிறகு துளை போட்டுத் தொங்கவிடக் கூடாது. தூளி ஆடும் இழுப்பு சிறியதாகத் தோன்றும், வருடக்கணக்கில் ஆடும்போது அதுவும் அலுப்புதான்.

உப்பும் மரமும்

கடலோரத்தில் இரும்புக்கு முதல் எதிரி உப்பு. மெல்லிய எஃகுச் சட்டங்களுக்கான துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராம், 275 கிராம் என்று வருகிறது. 275 கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து ஜிங்க் நிறைந்த பிரைமர் இரண்டு கோட் அடிக்காமல் அடுத்த வேலைக்குப் போக விடாதீர்கள். முடிந்த இடத்தில் எல்லாம் போல்ட் இணைப்பே நல்லது. பேஸ் பிளேட் தரையில் புதைந்து ஈரத்தில் உட்காரக் கூடாது. பிளிந்த்துக்கு மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகச் சிமென்ட் பூசி நிற்க வேண்டும். பேனலின் அடி ஓரமும் தரையைத் தொடாமல் நின்று, அந்த இடைவெளி சீலன்ட்டால் அடைபட வேண்டும். அங்கேதான் ஈரமும் கரையானும் ஏறும்.

தென்னை மரம் விழுந்தால் எந்தப் பேனலும் தாங்காது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரம் விட முடிந்தால் விடுங்கள். முடியாவிட்டால், காற்று வரும் பக்கத்து மரமாவது வீட்டை எட்டாதபடி, வீட்டை மனையின் மறுபக்கம் தள்ளிக் கட்டுங்கள்.

பணம்

முதலில் ஒரு எச்சரிக்கை. அரசு உதவியை நம்பிக் கட்டுவதாக இருந்தால் பேனல் வாங்கும் முன் விதிகளைப் படியுங்கள். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு ₹3.5 லட்சம் தருகிறார்கள். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கேட்கிறார்கள். ஷீட் கூரைப் பேனல் வீடு அதற்குள் வராது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பேசி எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கான்கிரீட் தளம்தான் போட முடியும் என்றால் அது மோசமான முடிவல்ல. அந்த எடை புயலில் உங்களுக்காக வேலை செய்யும், சட்டக் கணக்கு மட்டும் முழுவதுமாக மாறும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையில் என்னென்ன அடக்கம் என்று பிரித்துக் கேளுங்கள். ஆங்கர் போல்ட், குறுக்குப் பட்டை, கிளீட், மேலதிக ஸ்க்ரூ, ஜிங்க் பிரைமர் ஆகியவைதான் முதலில் வெட்டுப்படுபவை. மொத்தச் செலவில் சிறு பங்குதான் இவை, வீடு நிற்பது இவற்றால்தான். பணம் குறைந்தால் டைல்ஸை விடுங்கள், ஃபால்ஸ் சீலிங்கை விடுங்கள், உள்மறைப்புச் சுவரை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளுங்கள். தரையைச் சிமென்ட் பூச்சோடு நிறுத்தினால் பத்து வருடம் கழித்தும் டைல்ஸ் ஒட்டலாம். கான்கிரீட்டுக்குள் இல்லாத போல்ட்டைப் பத்து வருடம் கழித்து வைக்க முடியாது.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள். ஆங்கர் போல்ட் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றும் முன் ஒன்று, சட்டம் முழுதும் நின்று குறுக்குப் பட்டைகளை இன்ஜினியர் பார்த்தபின் ஒன்று, கூரை ஸ்க்ரூவை ஏணியில் ஏறி எண்ணியபின் ஒன்று. கடைசித் தவணையை ஒரு மழை பெய்து பேனல் மூட்டுகளில் கசிவு இல்லை என்று தெரியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் ஒட்டும் கலவையின் மேல் கண்ணாடி இழை டேப் வைத்துப் பட்டி பார்த்திருக்கிறார்களா என்பது அந்த மழையில் தெரிந்துவிடும்.

வீடு முடிந்தபின் வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், கூரையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஷீட்டின் மேல் ஏற முடியாது. தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்குங்கள். துரு பிடித்ததை, அதே துளையில் சற்றுப் பருமனான புது ஸ்க்ரூவாக மாற்றுங்கள். ரப்பர் வெடித்த வாஷரையும் மாற்றுங்கள். பேஸ் பிளேட்டைச் சுற்றிக் குவிந்த மண்ணையும் இலைச்சருகையும் அகற்றி, பெயின்ட் உப்பிய இடத்தைச் சுரண்டிப் பிரைமர் அடியுங்கள். ஜன்னல் பலகைகளை ஒருமுறை மாட்டிப் பார்த்து, அவற்றைப் பிடிக்கும் விங் நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.